வேர் குளிர்ந்திருக்க வேண்டிய மரம்

வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டிய மாநிலங்களில், வீட்டு முன்புறப் புல்வெளியின் நடுவே வெண்ணிறத் தண்டுடைய பிர்ச் மரம் ஒன்றை நட்டுவைப்பது நெடுங்கால வழக்கம். முதல் சில ஆண்டுகள் மரம் கண்ணுக்கு நிறைவாக வளரும். பிறகு ஏதோ ஒரு கோடையில் உச்சிக் கிளைகளின் இலைகள் சிறுத்து மஞ்சளாகும். அடுத்த வசந்தத்தில் அக்கிளைகள் துளிர்க்காது. பட்டுப்போதல் மேலிருந்து கீழாக இறங்கி, சில ஆண்டுகளில் மரம் முழுவதும் காய்ந்துவிடும். உரம் சரியில்லை, ஏதோ நோய் என்று பலவாறு காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் நட்ட இடமும் தேர்ந்தெடுத்த இனமுமே அந்த மரத்தின் ஆயுளைத் தீர்மானித்திருக்கும்.

பிர்ச் என்பது பெட்டுலா என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் பொதுப்பெயர். பூர்ஜபத்திரம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் ஏடு, இமயமலையில் வளரும் ஒரு பிர்ச் மரத்தின் பட்டைதான். வட அமெரிக்காவில் இதற்கு நெருங்கிய உறவு காகித பிர்ச். அதன் பட்டையைக் கொண்டு ஒஜிப்வே பழங்குடி மக்கள் படகு செய்தார்கள். பட்டைச் செல்களுக்குள் நிறைந்திருக்கும் பெட்டுலின் என்ற வேதிப்பொருள்தான் அதற்கு வெண்மையையும் நீர் ஒட்டாத தன்மையையும் தருகிறது. காட்டில் விழுந்து கிடக்கும் பழைய பிர்ச் தண்டைக் காலால் லேசாக அழுத்தினால், உள்ளிருக்கும் மரம் மட்கித் தூளாகியிருக்க, பட்டை மட்டும் வெறும் குழாயாக முழுமையாக நிற்பதைக் காணலாம். அந்த வெண்மைக்கு இன்னொரு பயனும் உண்டு. பனிக்காலப் பகலில் சாய்வாக விழும் வெயில் கருநிறப் பட்டையைச் சூடாக்கும். பொழுது சாய்ந்ததும் அது சட்டென உறைந்து வெடிக்கும். வெள்ளைப் பட்டை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

குளிருக்கு இவ்வளவு நுட்பமாகத் தன்னை அமைத்துக்கொண்ட மரத்திற்கு வெப்பத்தைத் தாங்கும் வழி அதிகமில்லை. ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் காகித பிர்ச் இயற்கையாக வளர்வது அரிது. அதன் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். காட்டில் அந்த மேல்மண்ணின் மீது இலைச்சருகு மெத்தையாகக் கிடக்கிறது, சுற்றியுள்ள மரங்களின் நிழலும் விழுகிறது. புல்வெளியிலோ அதே வேர்கள் நேர் வெயிலில் காய்ந்து, புல்லோடு தண்ணீருக்குப் போட்டியிடவும் வேண்டியிருக்கிறது.

இப்படித் தாகத்தில் தளர்ந்த மரத்தைத்தான் வெண்கல பிர்ச் துளைப்பான் என்ற வண்டு தேடி வருகிறது. ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இந்த வண்டு வட அமெரிக்காவுக்கே உரியது. கோடையில் பெண் வண்டு, வெயில் படும் கிளைகளின் பட்டை இடுக்குகளில் முட்டையிடுகிறது. வெளிவரும் புழு பட்டைக்கு அடியில் புகுந்து, இலை தயாரித்த உணவைக் கீழே கொண்டுசெல்லும் திசுவை வளைந்து வளைந்து அரித்துச் செல்கிறது. தண்ணீர்க் குறைவில்லாத மரம் அந்தக் காயத்தைச் சுற்றிப் புதிய திசுவை வேகமாக வளர்த்துப் புழுவை அடக்கிவிடும். வாடிய மரத்தால் அது முடிவதில்லை. சுரங்கங்கள் பெருகப் பெருக வேருக்கு உணவு போவது குறைகிறது. வேர் மெலிய, அது மேலே அனுப்பும் தண்ணீரும் குறைகிறது. பட்ட கிளையை உற்றுப் பார்த்தால், ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும், துவரம்பருப்பளவுகூட இல்லாத அரைநிலாத் துளைகள் தெரியும். வளர்ந்த வண்டு வெளியேறிய வாசல் அது.

இங்கேதான் மண்ணுக்குரிய மரம் என்பதன் பொருள் விளங்குகிறது. ஓஹையோவில் பல நாட்டு பிர்ச் இனங்களை ஒரே தோட்டத்தில் நட்டு 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2011இல் வெளியாயின. ஐரோப்பிய, ஆசிய இனங்களின் மரங்கள் அனைத்தும் ஒன்பது ஆண்டுகளுக்குள் இந்த வண்டுக்கு இரையாகின. வட அமெரிக்க இனங்களின் மரங்களிலோ முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை 20 ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்தன. வண்டோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த மரங்கள் அதைத் தடுக்கும் வழியையும் வளர்த்துக்கொண்டுள்ளன. முன்பின் அதைச் சந்தித்திராத இனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

எனவே கோடை கடுமையான பகுதிகளில் வெள்ளைத் தண்டின் மீதுள்ள ஆசையைச் சற்று ஒதுக்கிவைத்து, ஆற்று பிர்ச்சை நடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. மின்னசோட்டாவின் தெற்கிலிருந்து ஃபுளோரிடாவின் வடக்கு வரை ஆற்றங்கரைகளில் வளரும் இம்மரம் வெப்பத்தையும் துளைப்பானையும் நன்கு தாங்குகிறது. மற்ற பிர்ச்கள் இலையுதிர்காலத்தில் விதை உதிர்க்க, இது மட்டும் வசந்தத்தின் முடிவில், வெள்ளம் வடிந்து புதிய வண்டல் வெளிப்படும் நேரம் பார்த்து உதிர்க்கிறது. இளம் தண்டின் பட்டை இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த மெல்லிய சுருள்களாக உரியும். காற்றில் சலசலக்கும் அந்தச் சுருள்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் வெண்பட்டைக்காக ஏங்க மாட்டார்கள்.

ஆற்று பிர்ச்சுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். அமிலத்தன்மை குறையக் குறைய உயரும் பிஎச் அளவு 6.5ஐத் தாண்டினால் மண்ணிலுள்ள இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளிக்கும். சிமெண்டுச் சுவரை ஒட்டிய மண்ணில் சுண்ணாம்பு கசிந்திருக்கக்கூடும் என்பதால் சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி நடுவது நல்லது. வீட்டின் கிழக்குப் புறமோ வடக்குப் புறமோ உகந்தது. பிற்பகல் வெயிலை வீடே மறைத்துக்கொள்ளும். தண்டின் அடி விரிந்து வேராகத் தொடங்கும் இடம் தரைமட்டத்தில் தெரிய வேண்டும். அதைச் சுற்றிப் புல்லை அகற்றி, மரச்சில்லுகளை நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் காட்டுத்தரையின் குளிர்ச்சி ஓரளவு திரும்பக் கிடைக்கும். சில்லுகள் தண்டைத் தொடக் கூடாது. மழையில்லாத வாரங்களில் மண் ஆழமாக நனையும்படி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வறட்சியில் உட்புற இலைகள் மஞ்சளாகிக் கொட்டினால், நீரிழப்பைக் குறைக்க மரம் தானே செய்யும் ஏற்பாடு அது என்று அறிந்து, தண்ணீர் விட்டால் போதும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் கிளை வெட்டுவதைத் தவிர்க்கலாம். இலை விடுமுன் பிர்ச்சின் வேர்கள் தண்ணீரை அழுத்தத்தோடு மேலே தள்ளும். பனிக்காலத்தில் நீர்க்குழாய்களில் அடைத்துக்கொண்ட காற்றை அந்த அழுத்தம் வெளியேற்றுகிறது. அப்போது வெட்டினால் நாட்கணக்கில் சாறு சொட்டும். அதனால் மரம் சாகாது. கோடையின் முற்பகுதியில் வெட்டுவதுதான் ஆபத்து. அது வண்டுகள் பறக்கும் காலம், புதிய வெட்டுக்காயம் அவற்றை ஈர்க்கும். இலை உதிர்ந்த பின் வெட்டுவதே பாதுகாப்பானது. அப்போது கிளைநுனிகளில் விரல்போல் விறைத்து நிற்பவற்றை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வசந்தத்தில் மகரந்தம் தூவவேண்டிய ஆண் பூங்கொத்துகள் அவை.