வீராணத்துத் தண்ணீரை எத்தனை மணிக்குச் சோதிப்பது?

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி நிரம்பினால் "47.5 அடி" என்று செய்தி வரும். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரம். ஏரியின் ஆழம் அவ்வளவு கிடையாது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு என்ற கால்வாய் கொண்டுவரும் தண்ணீர், காட்டுமன்னார்கோயில் பக்கம் நீளமாகப் பரந்து நிற்கிறது. இங்கிருந்துதான் வடக்குத்து சுத்திகரிப்பு நிலையம் வழியாகச் சென்னைக்கும் குடிநீர் போகிறது.

ஆழமில்லாத ஏரியில் கோடை வெயிலும் வயல்களிலிருந்து வடிந்து வரும் உரச்சத்தும் சேர்ந்தால் பாசி பிடித்துக்கொள்ளும். சோதனையின் சிக்கல் இங்கேதான். பகல் முழுக்கப் பாசி, கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. கரைந்த கரியமில வாயு நீரைச் சற்று அமிலமாக்கும்; அது குறையக் குறைய பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) ஏறும், பாசி அடர்ந்த நீரில் பிற்பகலில் 9-ஐத் தாண்டுவதும் உண்டு. இரவில் ஒளி இல்லை, ஆனால் பாசியும் மீனும் நுண்ணுயிரும் ஆக்சிஜனைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. அடியில் அது தீர்ந்துபோனால் வண்டலில் கட்டுண்டிருக்கும் இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் கரைந்து மேலே வரும். அந்தப் பாஸ்பரசே அடுத்த பாசிக்குத் தீனி.

ஆக மதியம் ஒரு பாட்டில் மட்டும் எடுத்தால், "ஆக்சிஜன் ஏராளம்" என்றுதான் அறிக்கை வரும். மீன் செத்து மிதப்பதோ விடியற்காலையில்.

மாதிரி எடுப்பதிலும் பக்குவம் வேண்டும். ஆக்சிஜனுக்கான பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைத்து, ஒரு குமிழிகூட நிற்காமல் மூட வேண்டும். கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடு கரைசலும் விடுவார்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் திரிதிரியாகப் படியும். இல்லையென்றால் படிவு வெள்ளையாகவே நிற்கும். 1888-ல் வேதியியலாளர் விங்க்லர் சொன்ன முறை, இன்றும் நம்பகமானது. இப்போது மிதவையில் கட்டிவிடும் உணரிகள் ஆக்சிஜன் அளவை இரவு பகலாகப் பதிவு செய்யும், பாசி ஒட்டாமல் அடிக்கடி துடைத்து வைத்தால்.

பி.எச். ஏற்றம் வெறும் எண் அல்ல. குளோரின் தண்ணீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும்போதுதான் கிருமியை வேகமாகக் கொல்லும். பி.எச். 7.5-ல் ஏறத்தாழ பாதி அப்படி இருக்கும்; 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான். சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கலைப் படியவைக்கப் படிகாரம் போடும்போது பி.எச். சற்று இறங்கும் என்றாலும், எவ்வளவு இறங்கும் என்பது வந்த நீரைப் பொறுத்தது. குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தும் அதன் வேலைத்திறன் குறைந்துபோகலாம்.

எனவே ஏரி ஆய்வுப் பதிவில் எண்ணுக்குப் பக்கத்தில் மணியும் ஆழமும் இருக்க வேண்டும். விடியலில் ஒன்று, பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒன்று, அதே இடத்தில்.