பொடி வைக்காமல் பற்றிய பொன்மணிகள்

ரோமானியப் பேரரசுக்கு முன் நடு இத்தாலியில் வாழ்ந்த மக்கள் எட்ருஸ்கர். வத்திக்கானிலுள்ள எட்ருஸ்கர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய ஓர் அடி நீளத் தங்க ஊக்கு ஒன்று இருக்கிறது. 1836இல் ரோமுக்கு அருகே செர்வெத்தெரியில் ஒரு கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு வேலை. மேல் தட்டில் சிங்கங்கள், கீழ்த் தட்டில் வரிசையாக வாத்துகள். கோடு போட வேண்டிய இடங்களில் பொடிப்பொடியான தங்க மணிகளை ஒட்டியிருக்கிறார்கள். எட்ருஸ்கர் நகைகளில் 0.14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணிகள்கூட உண்டு. ரவையைவிடச் சிறியவை.

மணி செய்வது அவ்வளவு சிரமமில்லை. மெல்லிய தங்கக் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கி, கரித்தூளுக்குள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சூடேற்றினால் போதும். உருகிய துணுக்கைப் பரப்பு இழுவிசை தானே உருண்டையாக்கிவிடும். ஒட்டுவதுதான் கஷ்டம். நம்மூர் ஆசாரி இரண்டு தங்கத் துண்டுகளை இணைக்க, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடியையும் வெண்காரத்தையும் வைத்து ஊதுவார். உருகிய பொடி இடுக்குகளில் பாயும். பெரிய வேலைக்கு அதுவே வசதி. ஆனால் 0.14 மில்லிமீட்டர் மணிகளுக்கு நடுவே அது பாய்ந்தால் பள்ளமெல்லாம் நிரம்பி, மணிவரிசை வெறும் மேடாகிவிடும். எட்ருஸ்கர் நகைகளில் அந்த வழிசல் இல்லை.

இந்த வேலை எட்ருஸ்கர்களோடு தொடங்கவில்லை. மெசபடோமியாவின் (இன்றைய இராக்) 'ஊர்' (Ur) என்ற பண்டைய நகரத்தின் கல்லறைகளில் கி.மு. 2500 வாக்கிலேயே பொன்மணி ஒட்டியிருக்கிறார்கள். பிறகு ரோமானியர் காலத்தில் வண்ணக் கற்களுக்கு மவுசு கூடியது. இந்த நுணுக்கம் ஐரோப்பாவில் மெல்லத் தேய்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் கல்லறைகள் திறக்கப்பட்டு நகைகள் வெளியே வந்ததும், ரோமின் காஸ்டெல்லானி குடும்பம் அவற்றை மறுபடி செய்தே தீருவது என்று இறங்கியது. மலைப்பகுதியிலிருந்த சாந்த் ஆஞ்சலோ இன் வாதோ என்ற சிற்றூரில் பழைய கைமுறையை விடாமல் வைத்திருந்த தொழிலாளர்களைத் தேடிப்பிடித்து ரோமுக்கு அழைத்துவந்தார்கள். வெண்காரத்துக்குப் பதில் ஆர்சனிக் உப்பு, மிக நுண்ணிய பொடி என்று பலவும் முயன்றார்கள். அழகான நகைகள் பிறந்தன. விக்டோரியா கால இங்கிலாந்தில் 'தொல்லியல் பாணி' நகை பெரிய மோகமானது. ஆனாலும் எட்ருஸ்கரின் நுண்மை கைகூடவில்லை.

விடை 1933இல் வந்தது. லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயப் பொற்கொல்லர், பொடியையே விட்டுவிட்டார். தாமிர உப்பைப் பசையில் குழைத்து, அதால் மணிகளைத் தட்டில் ஒட்டிச் சூடேற்றினார். முதலில் தாமிர உப்பு சிதைந்து தாமிர ஆக்சைடாகிறது. சூடு ஏற ஏறப் பசை கருகிக் கரியாகிறது. 850 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்தக் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. மணி தட்டைத் தொடும் இடத்தில் துளித் தாமிரம் மிஞ்சுகிறது. தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும், தாமிரத்துக்கு 1085. இரண்டும் கலந்தாலோ 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதனால் தொட்ட புள்ளி மட்டும் உருகிப் பிணைகிறது, மணி அப்படியே உருண்டையாக நிற்கிறது. பிறகு தாமிரம் சுற்றியுள்ள தங்கத்துக்குள் ஊடுருவிப் பரவுவதால் ஒட்டிய இடம் நிறத்தில்கூடத் தனித்துத் தெரியாது.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி, தங்கத்தைப் பற்றவைக்கத் தாமிரக் களிம்பைச் சிறுவர்களின் சிறுநீரோடு தாமிர உரலில் அரைப்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். தாமிரம்தான் சூட்சுமம் என்பது பல நூற்றாண்டுகளாக ஏட்டில் கிடந்தது. பட்டறையில் கைமாறிக் கைமாறி வந்த பழக்கம் அறுந்துபோனதால், அந்த வரியின் முழு அர்த்தத்தை எட்ட இவ்வளவு காலம் பிடித்தது.

ஆனால் கரி நெருப்பில் சூட்டைக் கவனமாகக் கட்டுப்படுத்தினால் தாமிரமே இல்லாமலும் மணிகளைத் தட்டோடு இணைக்கலாம். பழைய நகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான் என்று சொல்லிவிட முடியாது.

இந்தப் பாணி நகை கைக்கு வந்தால் லென்ஸ் வைத்து மணியின் அடியைப் பாருங்கள். பொடி வைத்த வேலையில் பள்ளங்கள் மழுங்கி, மணிகள் பாதி புதைந்தாற்போல இருக்கும். தாமிர உப்பு முறையில் ஒவ்வொரு மணியும் மெல்லிய கழுத்தில் தனித்து நிற்கும். பின்புறத்தில் இரண்டு 'சி' எழுத்துகள் பின்னிய முத்திரை இருந்தால் அது காஸ்டெல்லானி பட்டறை நகையாக இருக்கலாம். எட்ருஸ்கர் நுண்மை இல்லை என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இன்று அதுவே அருங்காட்சியகங்கள் தேடி வாங்கும் பழம்பொருள்.