சிம்பொனியின் நடுவே விழுந்த மௌனம்

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி முடியும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? டிம்பனி என்ற பெரிய முரசின் அடிகள் மெல்ல ஒலித்துக்கொண்டே இருக்க, வயலின்கள் தயங்கித் தயங்கி மேலேறும். மூச்சுவிட இடமில்லாமல் நான்காம் பகுதி வெடித்துக் கிளம்பும். மேற்கத்திய செவ்வியல் இசையில் எனக்கு மிகப் பிடித்த சில நொடிகள் அவை.

1982இல் விற்பனைக்கு வந்த சிடி இந்த இடத்தைப் பத்திரமாகக் காத்தது. ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒரே நீண்ட சுருளாக வட்டில் பதிந்திருக்கும். டிராக் எண் என்பது அந்தச் சுருளில் வைத்த அடையாளம்தான். மூன்றாம் பகுதியும் நான்காம் பகுதியும் வேறு வேறு டிராக்குகள் என்றாலும், லேசர் நிற்காமல் படித்துக்கொண்டே போகும்.

அப்புறம் எம்பி3 வந்தது. அது ஒலியை 1,152 அளவீடுகள் கொண்ட கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. ஒரு பகுதியின் நீளம் அந்தக் கணக்கில் சரியாக வந்து முடிவது அபூர்வம். கடைசிக் கட்டத்தில் மிஞ்சும் இடத்தை வெறும் மௌனத்தால் நிரப்பிவிடும். கோப்பின் தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். ஒரு கட்டம் சுமார் 26 மில்லிநொடிதான். தனித்தனிப் பாட்டுகளில் யாருக்கும் தெரியாது. ஆனால் வயலின்கள் மேலேறும் அந்த இடத்தில் இசை ஒருமுறை துண்டாகிச் சேர்வது நன்றாகவே கேட்கும்.

கூடுதலாகச் சேர்ந்தது எவ்வளவு என்று கோப்பிலேயே குறித்துவைப்பது ஒரு தீர்வு. பிளேயர் அதைப் படித்து நீக்க வேண்டும். 2001இல் வெளியான ஃபிளாக் (FLAC) என்ற ஒலிச் சுருக்க முறையில் இந்தச் சிக்கலே இல்லை. அடுத்த அளவீடு என்னவாக இருக்கும் என்று அது முன்கூட்டியே கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறது. கோப்பு சிறுக்கும், ஆனால் ஒரு பிட்கூட மாறாது. மொத்த அளவீடுகளின் எண்ணிக்கையும் கோப்பிலேயே இருப்பதால், இசை முடிகிற இடத்தில்தான் கோப்பும் முடியும்.

ஒலி சரி. பெயர்கள்தான் இன்னும் தலைவலி. இசைச் செயலிகள் தரும் பாடகர், பாட்டு, ஆல்பம் என்ற மூன்று பெட்டிகளுக்குள் இசையமைப்பாளர், இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர், ஆர்கெஸ்ட்ரா, தனி வாசிப்பாளர் எல்லோரையும் எப்படி அடக்குவது? 2021இல் பிரைம்ஃபோனிக் என்ற செவ்வியல் இசை ஸ்ட்ரீமிங் சேவையை வாங்கிய ஆப்பிள், 2023இல் செவ்வியல் இசைக்கென்றே தனிச் செயலி வெளியிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிடி உறைக்குள் இருந்த சின்னப் புத்தகம் இந்த வேலையை அமைதியாகச் செய்துவந்தது. ஓபரா என்றால் முழு வரிகளும் மொழிபெயர்ப்போடு அதில் இருக்கும். இன்று பல வெளியீடுகளில் அது பிடிஎஃப் ஆகக்கூட வருவதில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.