ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி: யாருடைய சிம்முக்குப் பொருந்தும், எந்த எல்லையில் நின்றுவிடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாட்டில் வாங்கிய சிம்மை இன்னோர் உறுப்பு நாட்டில் பயன்படுத்தும்போது, பேச்சு, குறுஞ்செய்தி, டேட்டா ஆகிய மூன்றுக்கும் சொந்த நாட்டில் என்ன கட்டணமோ அதையே வாங்க வேண்டும், அதற்கு மேல் ரோமிங் என்ற பெயரில் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது 2017 ஜூன் 15 முதல் நடப்பில் உள்ள விதி. இப்போது செயல்படுவது அதன் புதுப்பிக்கப்பட்ட வடிவமான 2022/612 எண் கொண்ட ஒழுங்குமுறைச் சட்டம். 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இது 2032 ஜூன் 30 வரை செல்லும். ரோமிங் கட்டணத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் முயற்சி 2007இல் பேச்சுக் கட்டணத்தில் தொடங்கியது. டேட்டாவுக்கு வாடிக்கையாளர் தர வேண்டிய விலைக்கு 2012இல்தான் முதன்முறையாக உச்சவரம்பு வந்தது. அந்த உச்சவரம்பு ஒரு எம்பிக்கு 70 சென்ட், அதாவது ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 700 யூரோ. அதுவே அன்றைக்கு நுகர்வோருக்குக் கிடைத்த பாதுகாப்பாகக் கருதப்பட்டது என்பதை நினைத்தால், இன்றைய விதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது விளங்கும்.

இந்த உரிமை பயணம் செய்பவரின் குடியுரிமையையோ, அவர் அந்த நேரத்தில் நிற்கும் ஊரையோ பொறுத்தது அல்ல. கையில் இருக்கும் சிம் எந்த நாட்டு நிறுவனத்துடையது என்பதை மட்டுமே பொறுத்தது. இதில்தான் பலருக்குக் குழப்பம். ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய சிம்முடன் பாரிசில் வந்து இறங்குபவருக்கு இந்தச் சட்டம் எதையும் தராது. அவருடைய நிறுவனம் தன் நாட்டில் அறிவித்துள்ள சர்வதேச ரோமிங் கட்டணமே அவருக்குப் பொருந்தும். அதே நபர் பாரிசில் ஒரு பிரெஞ்சு ப்ரீபெய்டு சிம்மை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ சென்றால், அந்தச் சிம்முக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ரோமிங் வசதியைத் தந்தே தீர வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தந்தால் உள்நாட்டு விலையில் தர வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே குறைந்த விலையில் விற்கும் சில சிம்கள் எல்லையைத் தாண்டியதும் வேலை செய்யாமல் போகலாம். அந்த நாட்டில் வசிப்பதற்கோ, வேலை அல்லது படிப்பு போன்ற நிலையான தொடர்பு இருப்பதற்கோ சான்று கேட்கும் உரிமையும் நிறுவனத்துக்கு உண்டு. வாங்கும்போதே இவ்விரண்டையும் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

விதி செல்லுபடியாகும் பரப்பு ஒன்றியத்தின் 27 நாடுகளும், அவற்றுடன் ஐஸ்லாந்து, நார்வே, லிக்டென்ஸ்டைன் ஆகியவையும் ஆகும். 2026 ஜனவரி 1 முதல் உக்ரைனும் மால்டோவாவும் இந்த ஏற்பாட்டில் இணைந்துள்ளன. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன், கரீபியனில் உள்ள மார்ட்டினிக், குவாதலூப் போன்ற பிரான்சின் கடல்கடந்த பகுதிகளும், ஸ்பெயினின் கேனரி தீவுகளும் ஒன்றியத்துக்குள் அடங்குவதால் அங்கும் உள்நாட்டுக் கட்டணமே. மாறாக, வரைபடத்தில் ஐரோப்பாவின் நட்டநடுவில் இருக்கும் சுவிட்சர்லாந்து இதில் இல்லை. ஐக்கிய இராச்சியமும் இல்லை; ஒன்றியத்திலிருந்து விலகியதற்குப் பிந்தைய இடைக்காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது, அந்நாட்டுக்கு இந்த விதியும் முடிந்துவிட்டது. அண்டோரா, மொனாக்கோ, சான் மரினோ, வத்திக்கான் ஆகிய சிறிய நாடுகளும் பட்டியலுக்கு வெளியேதான். சில நிறுவனங்கள் இந்த நாடுகளையும் தாமாகவே தங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் அது வணிகச் சலுகை, சட்ட உரிமை அல்ல. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம்.

பிரான்சிலிருந்து ஜெர்மனிக்கு ரயிலில் போகிறவர் வழியில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அரை மணி நேரம் வண்டி மாறக் காத்திருந்தால், அந்த அரை மணி நேரத்துக்கு அவருடைய கைப்பேசி சட்டத்தின் பரப்புக்கு வெளியே இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றாலும், அந்தப் பக்கத்துக் கோபுரத்தின் அலை வலுவாக இருந்தால் கைப்பேசி தானாகவே அதில் இணைந்துவிடக்கூடும். இப்படித் தவறுதலாக ஏற்படும் ரோமிங்கிலிருந்து வாடிக்கையாளரைக் காக்க நிறுவனங்கள் நியாயமான நடவடிக்கைகள் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பி இருப்பதைவிட, அமைப்புகளில் நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து விலக்கி, தேவையான நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்து வைப்பது உறுதியான வழி.

உள்நாட்டு விலை என்றதும் வரம்பில்லாமல் பயன்படுத்தலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நியாயமான பயன்பாட்டுக் கொள்கை என்ற பெயரில் நிறுவனங்கள் வெளிநாட்டு டேட்டாவுக்கு ஒரு வரம்பு வைக்க முடியும். ஆனால் அந்த வரம்பை அவை தம் விருப்பப்படி வைக்க முடியாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு நாட்டு நிறுவனம் மற்றொரு நாட்டு நிறுவனத்துக்குத் தர வேண்டிய மொத்த விற்பனை விலைக்கு (சுருக்கமாக, மொத்த விலைக்கு) ஆண்டுதோறும் இறங்கிவரும் ஓர் உச்சவரம்பு உள்ளது: 2022இல் ஒரு ஜிபிக்கு 2 யூரோ, 2024இல் 1.55, 2025இல் 1.30, 2026இல் 1.10, 2027 முதல் 1 யூரோ. ஒரு திட்டத்தில் டேட்டாவுக்கு அளவே இல்லை என்றாலோ, ஒரு ஜிபியின் விலை இந்த உச்சவரம்பைவிடக் குறைவாக வந்தாலோ மட்டும்தான் வெளிநாட்டு வரம்பு வைக்க அனுமதி. வரம்பைக் கண்டறிய, மதிப்புக் கூட்டு வரி நீங்கலாக மாதக் கட்டணத்தை எடுத்து, அதை அந்த ஆண்டின் மொத்த விலை உச்சவரம்பால் வகுத்து, வரும் விடையை இரண்டால் பெருக்க வேண்டும்.

வரி நீங்கலாக மாதம் 20 யூரோவுக்கு 100 ஜிபி தரும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2026இல் 20ஐ 1.10ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் 36 ஜிபிக்குச் சற்று அதிகமாக வரும். ஆக, அந்த வாடிக்கையாளருக்கு வெளிநாட்டில் குறைந்தது 36 ஜிபியாவது கூடுதல் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 2027இல் அதே திட்டத்துக்கு இது 40 ஜிபியாக உயரும். மாறாக, 15 யூரோவுக்கு 10 ஜிபி என்ற சிறிய திட்டத்தில் ஒரு ஜிபி 1.50 யூரோ ஆகிறது, அது 1.10ஐ விட அதிகம் என்பதால் வரம்பு வைக்க முடியாது, 10 ஜிபியையும் எங்கிருந்தும் முழுமையாகப் பயன்படுத்தலாம். மாதத் திட்டம் எதுவும் இல்லாமல் இருப்புத் தொகையிலிருந்து பயன்பாட்டுக்கேற்பக் கழியும் ப்ரீபெய்டு சிம்மில் கணக்கு வேறு: மீதமுள்ள இருப்பை உச்சவரம்பால் வகுத்தால் போதும், இரண்டால் பெருக்குவது இல்லை. வரம்பைத் தாண்டிய பிறகும் நிறுவனம் கேட்கக்கூடிய கூடுதல் தொகை அதே மொத்த விலை உச்சவரம்புக்கும் அதன் மீதான வரிக்கும் மேல் போக முடியாது. விளம்பரத்தில் 100 ஜிபி என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு வெளிநாட்டு அளவை ஒப்பந்தத்தின் உட்பக்கங்களில் வைப்பது வழக்கமாக இருப்பதால், இந்தக் கணக்கை ஒரு முறை தாமாகவே போட்டுப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

இது பயணிகளுக்கான உரிமை, ஒரு நாட்டில் மலிவாக வாங்கிய சிம்மை இன்னொரு நாட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கான வழி அல்ல. குறைந்தது நான்கு மாத காலப் பயன்பாட்டை நிறுவனம் கவனிக்கலாம். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்த நாட்களும் அதிகம், வெளிநாட்டுப் பயன்பாடும் அதிகம் என்று இரண்டும் சேர்ந்து தெரிந்தால், அது எச்சரிக்கைச் செய்தி அனுப்பலாம். பழக்கத்தை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு இரண்டு வாரமாவது தர வேண்டும். அதன் பிறகே கூடுதல் கட்டணம் தொடங்கலாம். இரண்டில் ஒன்று உள்நாட்டில் அதிகமாக இருந்தாலும் வாடிக்கையாளர் பக்கமே நியாயம். ஒரு நாளில் ஒரே ஒரு முறை சொந்த நாட்டு நெட்வொர்க்கில் கைப்பேசி இணைந்தாலும் அந்த முழு நாளும் உள்நாட்டு நாளாகவே எண்ணப்படும் என்பது, தினமும் எல்லையைக் கடந்து வேலைக்குப் போய் வருபவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய நுணுக்கம்.

சட்டத்தின் பரப்புக்கு வெளியே போகும் ஒன்றிய வாடிக்கையாளருக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. ஒரு மாதத்தில் டேட்டா ரோமிங் கட்டணம் வரி நீங்கலாக 50 யூரோவையோ, வாடிக்கையாளர் தாமே தேர்ந்த வேறு வரம்பையோ எட்டும்போது, அவர் தொடரச் சொல்லி வெளிப்படையாகச் சம்மதித்தாலன்றி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அந்த வரம்பில் 80 சதவீதத்தைத் தொட்டவுடன் எச்சரிக்கைச் செய்தி வர வேண்டும். உலகின் எந்த நாட்டுக்குப் போனாலும் இது பொருந்தும் என்றாலும், அங்குள்ள நிறுவனம் பயன்பாட்டை உடனுக்குடன் தெரிவிக்காத இடங்களில் விலக்கு உண்டு; அங்கு கட்டணம் தாமதமாகவே தெரியவரும். தொடரச் சொல்லிக் கேட்கும் குறுஞ்செய்திக்கு அவசரத்தில் சம்மதம் அனுப்பிவிட்டால் இந்தத் தடுப்பு விலகிவிடும் என்பதால், அந்தச் செய்தியை முழுவதும் படித்த பிறகே பதில் அனுப்ப வேண்டும்.

பெரிய தொகை போகக்கூடிய இடம் கப்பலும் விமானமும்தான். இரண்டு உறுப்பு நாடுகளுக்கு இடையே ஓடும் கப்பலாக இருந்தாலும், நடுக்கடலில் கைப்பேசி இணைவது தரையில் உள்ள கோபுரத்துடன் அல்ல, செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கப்பலின் சொந்த நெட்வொர்க்குடன். அப்படிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கு உள்நாட்டு விலை விதி பொருந்தாது. விலைக்கு உச்சவரம்பும் இல்லை. துறைமுகத்தை விட்டு வெளியேறிய சிறிது நேரத்தில் கரையின் அலை மறைந்து, பயணி உறங்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி கப்பலின் நெட்வொர்க்குக்கு மாறிவிடும். புகைப்படக் காப்புப்பிரதியும் செயலிப் புதுப்பிப்பும் பின்னணியில் ஓடினால் செலவு அங்கேதான் ஏறும். கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறையை இட்டு, தேவையானால் வைஃபையை மட்டும் தனியாக இயக்கிக்கொள்வதே இதற்குத் தீர்வு. அந்த வைஃபைக்குக் கப்பல் நிறுவனம் தனியாகப் பணம் கேட்டாலும், தொகை முன்கூட்டியே தெரியும்.

ஒன்றியத்துக்கு வெளியே வாங்கிய சிம்முடன் வருபவர்கள் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே, கைப்பேசி அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் என்ற பகுதிக்குச் சென்று டேட்டா ரோமிங்கை அணைத்துவிடலாம். ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இதற்குத் தனிச் சுவிட்ச் உண்டு. டேட்டாவை மட்டும் அணைத்தால் அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வந்துகொண்டிருக்கும் என்பதால், வங்கியிலிருந்து வரும் கடவு எண்ணுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் வரும் அழைப்பை எடுத்தால் அதற்கும் கட்டணம் இருக்கலாம். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள், உள்ளூர் சிம்மையோ இ-சிம்மையோ டேட்டாவுக்கு ஒதுக்கிய பிறகு, அலை குறையும்போது டேட்டா தானாக இன்னொரு சிம்முக்கு மாறும் வசதி அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரைபடங்களைப் புறப்படும் முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் வழி தேடவும் இணையம் தேவைப்படாது.

ரோமிங்கையும் சர்வதேச அழைப்பையும் ஒன்றாக எண்ணுவதால் பில்லில் வியப்பு ஏற்படுவது உண்டு. ஜெர்மன் சிம்முடன் ஸ்பெயினில் இருந்துகொண்டு ஜெர்மனிக்கோ ஸ்பெயினுக்கோ பேசினால் அது ரோமிங், உள்நாட்டு விலை. அதே சிம்மில் ஜெர்மனியில் இருந்தபடி ஸ்பெயினுக்கு அழைத்தால் அது ரோமிங் அல்ல, வெளிநாட்டு அழைப்பு. தனி நுகர்வோருக்கு 2019 மே 15 முதல் இதற்கு நிமிடத்துக்கு 19 சென்ட், குறுஞ்செய்திக்கு 6 சென்ட், இவற்றின் மேல் வரி என்ற தனி உச்சவரம்பு வந்தது. அவசர உதவி எண் 112க்கான அழைப்பு எந்த உறுப்பு நாட்டிலும் இலவசம்.

எல்லையைக் கடந்தவுடன் வரும் வரவேற்புக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். நியாயமான பயன்பாட்டு வரம்பும் கூடுதல் கட்டணங்களும் அதில் தெரிவிக்கப்பட வேண்டியவை, பின்னர் தகராறு வந்தால் அதுவே ஆதாரம். தவறான கட்டணம் விழுந்தால் முதலில் சிம் நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். அங்கு தீராவிட்டால், சிம் வாங்கிய நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பை அணுகலாம்: ஜெர்மனியில் புண்டெஸ்நெட்ஸ்அகென்டூர், பிரான்சில் ஆர்செப், அயர்லாந்தில் காம்ரெக். பயணத்தின்போது இருந்த நாட்டின் அமைப்புக்கு எழுதுவதால் காலம்தான் வீணாகும். புகாரும் சிம்மின் நாட்டுக்கே போக வேண்டும்.