சின்னத் தாத்தாவின் பங்கும் 1939 பதிவேடும்

கல்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். தென்னந்தோப்பைப் பாகம் வைக்க வேண்டும். தாத்தாவின் தம்பி 1930களில் லண்டன் போனவர், திரும்பவில்லை. “சார், அவர் கல்யாணமே பண்ணலை, ஆதாரம் இருக்கு” என்று ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார்.

அது 1939 பதிவேட்டின் ஒரு பக்கம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே மாதம், செப்டம்பர் 29 நிலவரப்படி, அடையாள அட்டை கொடுப்பதற்காக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வீடாக எடுத்த கணக்கு. அங்கே 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1942-இல் தீயில் போயின, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அந்தக் காலத்து ஆளைத் தேட இதை விட்டால் வழி குறைவு. முகவரி, தொழில், மணமானவரா என்ற விவரத்தோடு வயதுக்குப் பதில் பிறந்த தேதியே இருக்கும். பிறந்த ஊர் மட்டும் இருக்காது.

அங்கேதான் எனக்குச் சந்தேகம். நம்மூர்க்காரர் அங்கே போனதும் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும், வீட்டுப்பெயர் காணாமல் போகும். வீட்டார் நிரப்பிய படிவத்தைப் பார்த்துக் கணக்கெடுப்பவர் பதிவேட்டில் எழுதினார், பிறகு கணினிக்காக இன்னொருவர் படித்து எழுதினார். பெயரை வைத்துத் தேடினால் வேறு ஆள் சிக்குவது சகஜம். பிறந்த தேதியை வைத்துத்தான் தேட வேண்டும்.

வந்தவர் வீட்டுப் பழைய நோட்டில் சின்னத் தாத்தா பிறந்த தேதி இருந்தது: கொல்லம் 1083, தை 5. கொல்லம் என்பது திருவிதாங்கூரில் வழங்கிய, ஆவணியில் தொடங்கும் ஆண்டுக் கணக்கு. ஆங்கில ஆண்டைக் காண மார்கழி பாதி வரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்ததும் 825. தை என்பதால் 1908 ஜனவரி, மூன்றாவது வாரம். வந்தவர் 824-ஐக் கூட்டி 1907 என்று தேடியிருந்தார். (நானும் ஒரு பழைய பத்திரத்தில் இப்படி ஒரு வருஷம் தவறியவன்தான்.) பிரிண்ட் அவுட்டில் இருந்தவர் வேறு யாரோ.

சரி, ஆள் பொருந்தினாலும் ‘மணமாகாதவர்’ என்பது அந்த நாள் அவர் சொன்ன தகவல். 1940-இல் கல்யாணம் செய்திருக்கலாம். இந்தத் தாளை நம்பி வாரிசு இல்லை என்று பத்திரம் எழுதினால், நாளை ஒரு பேத்தி அங்கிருந்து வழக்குப் போடுவாள். பெண்கள் விஷயத்தில் பதிவேடே கொஞ்சம் உதவும். பிற்பாடு மருத்துவச் சேவைக்கும் அதையே பயன்படுத்தியதால், மணமான பிறகு மாறிய பெயரை வேறு மையில் மேலே எழுதியிருப்பார்கள். முகாமில் இருந்த சிப்பாய்கள் இதில் வரமாட்டார்கள். பிறந்து நூறு ஆண்டு ஆகாதவரின் பதிவு பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும்.

“நம்ம ஊர் அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே, அதோட 1941 மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாமா?” என்று கேட்டார். அதில் அச்சானவை மொத்த எண்ணிக்கைகள்தான், ஆள்வாரியான பெயர் கிடைக்காது. சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்புகளில் ஆள் விவரத்தைப் பார்வையிட 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே தடை. இங்கே நமக்குக் கைகொடுப்பவை முன்னாதாரப் பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்), தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு.

இப்போது சரியான தேதியில் தேடி ஒருவரைப் பிடித்திருக்கிறோம். அடுத்து அங்கே திருமணப் பதிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துச் சான்றிதழில் மணமகனின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். நோட்டு எழுதிய கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தோப்பை அளக்க ஆளை அனுப்புவேன்.