முன்பற்களிலிருந்து 25 முதல் 32 வரை

உணவுக்குழாய்ப் புற்றுநோயாளியின் எண்டோஸ்கோபி அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'முன்பற்களிலிருந்து 25 செ.மீ. முதல் 32 செ.மீ. வரை கட்டி.' உணவுக்குழாய் பற்களிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. தள்ளித் தொடங்கி, 40 செ.மீ. அருகே இரைப்பையில் சேர்கிறது. அந்தக் குழாயில் 7 செ.மீ. நீளத்துக்குக் கட்டி. குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "பெரிய கட்டியா, டாக்டர்?"

1980களின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் நீளத்தைத்தான் பார்த்தார்கள், 5 செ.மீ. என்பது எல்லைக்கோடு. 1987இல் அளவுகோல் மாறியது. கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயின் நிலையைச் சொல்லும் என்றானது. காரணம் உண்டு. இரைப்பைக்கு இருப்பதைப் போன்ற வெளியுறை உணவுக்குழாய்க்கு இல்லை. தசையைத் தாண்டிவிட்டால் மூச்சுக்குழாயும் பெருந்தமனியும் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஆனால் அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சு பெறுபவருக்கு, வெட்டியெடுத்து ஆழம் பார்க்கச் சதை இல்லை. ஸ்கேனில் தெரியும் நீளமும் கனஅளவும் அங்கே முக்கியமாகின்றன. பெரிய கட்டிக்காரர்களின் நிலை மோசமாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

கணக்குப் போட்டால் இது புதிராக இருக்கும். ஊரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் இந்தச் சிகிச்சையில், ஒருநாள் கதிர் ஏறத்தாழ பாதிச் செல்களைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் மிச்சத்தில் பாதி. ஒரு கன செ.மீ. கட்டியில் தோராயமாக நூறு கோடி செல்கள். முப்பது நாளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். கட்டியின் விட்டம் இருமடங்கானால் செல்கள் எட்டு மடங்கு. அதற்கு இன்னும் மூன்றே நாள் போதுமே?

போதாது. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இரு ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோய்த் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். ரத்த ஓட்டத்தை ஒட்டியிருந்த செல்கள் உயிரோடு இருந்தன. அங்கிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் உள்ளே போவதற்குள் செல்கள் செத்துக்கிடந்தன. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் எட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே, மூச்சுமுட்டியபடி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் செல்கள்தான் ஆபத்தானவை. கதிர் டி.என்.ஏ.வில் உண்டாக்கும் சிதைவை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். அது இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டி பெருக்கப் பெருக்க இப்படிப்பட்ட மூலைகளும் பெருகுகின்றன. (கதிரின் அளவைக் குறிக்கும் 'கிரே' என்ற அலகு இந்த கிரேயின் பெயர்தான்.)

அப்படியானால் கதிரைக் கூட்டலாமே? கூட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கீமோதெரபியுடன் 50.4 கிரேயையும் 64.8 கிரேயையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. கூடுதல் கதிரால் ஆயுள் கூடவில்லை. அதற்கு முந்தைய ஆய்வொன்றில் 64 கிரே கதிர் மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு கடந்து யாரும் உயிரோடு இல்லை; 50 கிரேயுடன் கீமோவும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர் இருந்தார்கள். கதிரைவிட மருந்துத் துணைதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. நீளமான கட்டிக்கு நீளமான பரப்பில் கதிர் பாய்ச்ச வேண்டும் என்பதும் சிக்கல். இதயம், நுரையீரல், தண்டுவடம் எல்லாம் அந்தப் பாதையில் இருக்கின்றன.

இவ்வளவு பெரிதாகும்வரை ஏன் தெரியவில்லை என்று பலரும் வருந்துகிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை. உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். பாதிக்கு மேல் அடைத்த பிறகுதான் தோசை சிக்கும், பிறகு இட்லி, பிறகு கஞ்சி.

சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் விழுங்கும்போது எரிச்சல் கூடுவதுண்டு. கட்டி வளர்கிறது என்று பயந்து சிலர் வராமல் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது கதிர் பட்டுப் புண்ணான உட்சவ்வின் வலி. அதற்கு மருந்து உண்டு. விட்டுப்போகும் ஒவ்வொரு நாளும் மிஞ்சிய செல்கள் மறுபடி பெருகுகின்றன. பாதி பாதியாகக் குறைந்துவந்த கணக்கு அங்கே பின்னோக்கி ஓடத் தொடங்குகிறது.