பழைய பெட்ரோல் டேங்க்: முதலில் பிசின், பிறகு துரு

வருஷக்கணக்கில் திண்ணையோரம் நின்றுவிட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனை வராது; பழைய வார்னிஷ் டப்பாவின் புளித்த நெடிதான் வரும். பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சத்தில் இருக்கும் ஆலிஃபின்கள் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) ஆக்சிஜனோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக இறுகும்.

துரு தனிக்கதை. டேங்கின் காலி இடத்தில் ஈரக்காற்று இருக்கிறது. இரவில் தகடு குளிர்ந்ததும் அதில் நீர் முத்து முத்தாகப் படிந்து வழியும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது, அதனால் அடியில் போய்த் தங்கும். டேங்க் முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

பலரும் எடுத்தவுடன் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். துருவின் மேல் பிசின் போர்த்தியிருக்கும்போது, நீரில் கரைத்த அமிலம் துருவைத் தொடவே முடியாது. பிசினை அசிட்டோனில் ஊறவைத்துக் கரைத்து, சோப்புத்தூள் கலந்த வெந்நீரால் அலசுங்கள். அசிட்டோன் வெளியே சிந்தினால் பெயின்ட்டும் போய்விடும்.

இதையெல்லாம் வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும். காலி டேங்க்தான் அதிக ஆபத்து: காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கழுவாத டேங்கில் வெல்டிங் வைக்கவே கூடாது.

பிறகு துரு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் அதே வேதியியல்தான்: அமிலம் உலோக ஆக்சைடைக் கரைக்கிறது. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, டேங்கின் வாய்வரை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் மேல்பாதித் துரு அப்படியே நிற்கும். சிட்ரேட் இரும்பு அயனிகளைப் பிடித்துக்கொண்டு கரைசலுக்கு இழுத்துவரும். அவ்வப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தீர்ந்ததும் அமிலம் தகட்டையே தின்னத் தொடங்கும்.

கொட்டியதும் ஆப்பசோடா கரைத்த நீரால் அலசி, மிச்ச அமிலத்தை முறியுங்கள். இங்கேதான் உழைப்பு வீணாகும். வெறும் இரும்பு ஈரத்தோடு இருந்தால் சில நிமிஷங்களிலேயே ஆரஞ்சு நிறம் ஏறிவிடும். காற்றடித்து உடனே உலர்த்தி, கொஞ்சம் 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) ஊற்றி எல்லா மூலைக்கும் போகும்படி டேங்கைச் சுழற்றுங்கள்.

பெட்ரோல் டேப்பைத் திரும்ப மாட்டும் முன் அதன் வலையையும் கழுவிவிடுங்கள். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அதை அடைக்க ஒரு துரு துகள் போதும்.